தோட்டத்து இருட்டுக்கு எந்த டார்ச்? பாதுகாப்புக்காக டேக்டிக்கல் டார்ச்சை ஒப்பிட்டு வாங்க முழுமையான வழிகாட்டி

1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அந்த அரை மணி நேர இருட்டு அன்றிலிருந்து நம் காலைப் பொழுதோடு ஒட்டிக்கொண்டது. பேராவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சூரியன் எழுவது ஏழு மணிக்கு மேல்தான். ஆனால் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்புக்குக் கிளம்புகிறவர்கள், பள்ளி பஸ்ஸுக்குப் பிள்ளையோடு நிற்கிற அம்மாக்கள், இரவு ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண்கள் எல்லாரும் அதற்கு முன்பே ரோட்டில் இருக்கிறார்கள். தாமான் (குடியிருப்பு) முடிகிற இடத்தோடு தெருவிளக்கும் முடிந்துவிடும். அதற்கப்புறம் செம்மண் ரோடு, இரண்டு பக்கமும் செம்பனை.

கைப்பேசியில்தான் லைட் இருக்கிறதே என்று கேட்கலாம். அது காலடியைக் காட்டும், பத்து மீட்டருக்கு அப்பால் எதையும் காட்டாது. அதோடு, வழிப்பறிக்காரன் தேடுகிற பொருளையே கையில் நீட்டிக்கொண்டு நடப்பதாகிவிடும். பேட்டரி தீர்ந்தால் வெளிச்சமும் போகும், 999 என்ற அவசர எண்ணை அழைக்கிற வழியும் போகும். இரண்டையும் பிரித்து வைப்பதே நல்லது.

டேக்டிக்கல் டார்ச் என்று விற்கப்படுவது முதலில் போலீஸ்காரர்களும் ராணுவத்தினரும் வைத்திருந்த வகை. உள்ளங்கை நீளம், உலோக உடம்பு, பின்பக்கத்தில் கட்டைவிரலுக்குச் சுவிட்ச், குவிந்து பாய்கிற வெளிச்சம். அமெரிக்காவின் ஷ்யூர்ஃபயர் நிறுவனத்தின் 6பி என்ற பழைய மாடல் இந்த வகையில் பேர் வாங்கியது. அது தந்த வெளிச்சம் 65 லூமன். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, இன்று பெட்டிகளில் அச்சடிக்கிற ஆயிரங்களையும் பத்தாயிரங்களையும் பாருங்கள். போலீஸ்காரர்கள் 65 லூமனை வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள் என்றால், வாங்கும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது லூமன் எத்தனை என்பதாக இருக்க முடியாது. என்னைக் கேட்டால் சுவிட்ச்தான் முதலில், பேட்டரி அடுத்து, வெளிச்சத்தின் அளவு அதற்கும் பிறகு. ஆனாலும் கடையில் முதலில் காதில் விழுவது லூமன் என்பதால் அதையும் விளக்கித்தான் ஆக வேண்டும்.

முதல் படி: டார்ச்சுக்கு முன் பாதையைப் பாருங்கள்

தினமும் இருட்டில் போகிற வழியைப் பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். கால்வாய் எங்கே மூடியில்லாமல் கிடக்கிறது, ஆள் மறைந்து நிற்கக்கூடிய புதர் எது, அடுத்த வீட்டு விளக்கு தெரிகிற வளைவு எது என்று குறித்துக்கொள்ளுங்கள். லயத்து வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை இருநூறு முந்நூறு மீட்டர்தான் நடை என்றால், அகலமாக விழுகிற வெளிச்சம் போதும். மோட்டாரில் தோட்டத்துக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் போகிறவருக்கு, நடுவழியில் டயர் காற்றுப் போனால் தூரத்தில் நிற்பது ஆளா கட்டையா என்று தெரிய வேண்டும். அவருக்குத் தூரம் பாய்கிற வெளிச்சம் தேவை.

பால்மரம் வெட்டுகிறவர்கள் கணக்கு வேறு. வெயில் ஏறுவதற்கு முன், குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருந்து பால் நன்றாக ஓடும். அதனால் அவர்கள் வேலையே இருட்டில்தான் தொடங்குகிறது. ஒரு காலத்தில் நெற்றியில் கார்பைட் விளக்கு கட்டினார்கள். கால்சியம் கார்பைடில் தண்ணீர் சொட்டச் சொட்ட அசிட்டிலீன் வாயு கிளம்பி எரியும். இன்று அந்த இடத்தில் எல்இடி தலைவிளக்கு இருக்கிறது. கையில் கத்தியும் வாளியும் இருக்கும்போது தலைவிளக்குதான் சரி. டேக்டிக்கல் டார்ச் அவர்களுக்கு இரண்டாவது விளக்கு, இடுப்பில் இருக்கட்டும். தலைவிளக்கின் பெரிய குறை, எதிரில் வருகிறவருக்கு உங்கள் தலை எங்கே இருக்கிறது என்று சரியாகக் காட்டிக் கொடுப்பது. கையில் இருக்கிற விளக்கை உடம்பை விட்டு ஒதுக்கிப் பிடிக்கலாம், நினைத்த நொடியில் அணைக்கலாம்.

இரண்டாம் படி: பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் பிரித்துப் படியுங்கள்

லூமன் என்பது டார்ச்சிலிருந்து எல்லாத் திசைக்கும் வெளிவருகிற வெளிச்சத்தின் மொத்தம். கேண்டலா என்பது அந்த வெளிச்சம் ஒரே திசையில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது. ஒரே லூமன் உள்ள இரண்டு டார்ச்சில் ஒன்று முற்றம் முழுக்கப் பரவலாம், இன்னொன்று அடுத்த நிரையின் கடைசி மரத்தைத் தொடலாம். பாதுகாப்புக்கு வாங்கும்போது கேண்டலாவைத் தேடிப் பாருங்கள். அது போடாமல் தூரம் மட்டும் மீட்டரில் போட்டிருந்தாலும் பரவாயில்லை, ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்கிடலாம். கேண்டலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர் வரும். 2,500 கேண்டலாவுக்கு 100 மீட்டர், 10,000 கேண்டலாவுக்கு 200 மீட்டர். அதாவது தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் கேண்டலா நான்கு மடங்கு வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவுமுறையைத்தான் நல்ல நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. அந்த முறையில் தூரம் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறைகிற இடம். லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழுகிற வெளிச்சத்தின் அளவு. 0.25 லக்ஸ் ஏறக்குறைய பௌர்ணமி நிலா வெளிச்சம். ஏதோ நிற்கிறது என்று தெரியும், யார் என்று தெரியாது. முகம் அடையாளம் தெரிய வேண்டுமானால் பெட்டியில் போட்டிருப்பதில் பாதியையோ மூன்றில் ஒரு பங்கையோதான் நம்பலாம். 200 மீட்டர் என்றால் எழுபது, எண்பது மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்து போகிறவருக்கு அது தாராளம். அதே 10,000 கேண்டலா ஐந்து மீட்டர் தள்ளி நிற்கிறவன் முகத்தில் 400 லக்ஸாக விழும். இருட்டுக்குப் பழகிய கண்ணை ஒரு கணம் திணற வைக்க அது போதும். அதனால் 8,000-லிருந்து 15,000 கேண்டலா வரை உள்ள டார்ச் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். 50,000, 60,000 என்று போகிறவை தூரத்தைத் துளைக்கும். ஆனால் நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும் தெரிந்து, காலடியில் கிடப்பது தெரியாமல் போகும்.

அப்புறம் நேரக் கணக்கு. பெட்டியில் '1000 லூமன், இரண்டரை மணி நேரம்' என்றிருந்தால், இரண்டரை மணி நேரமும் ஆயிரம் லூமன் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எண்ணுவதுதான் அந்த அளவுமுறை. உள்ளங்கை அளவு அலுமினிய உடம்பு ஆயிரம் லூமனின் சூட்டைத் தாங்காது. சில நிமிடங்களில் தானாகவே முந்நூறு, நானூறுக்கு இறங்கி, அங்கேயே நெடுநேரம் நிற்கும். இது பழுது இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு. நல்ல நிறுவனங்கள் வெளிச்சம் நேரத்தோடு எப்படி இறங்குகிறது என்று ஒரு கோட்டுப்படம் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்குங்கள்.

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் 'அக்கா, இது ஒரு லட்சம் லூமன்' என்று ஒரு தம்பி விற்பான். அவனோடு சண்டை போட வேண்டாம், மனக்கணக்குப் போடுங்கள். இந்த டார்ச்சுகளில் போடுகிற, 18650 என்ற சார்ஜ் செய்கிற நல்ல பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய 11 வாட்-மணி மின்சாரம் இருக்கிறது. ஒரு வாட்டுக்கு நூறு லூமன் கிடைத்தாலே நல்ல டார்ச். அப்படியானால் ஆயிரம் லூமனை ஒரு மணி நேரம் தரத்தான் அதில் சக்தி உண்டு. மூன்று சிறிய ஏஏஏ பேட்டரி போடுகிற டார்ச்சில் அதில் பாதிகூட இருக்காது. ஒரு லட்சம் எங்கிருந்து வரும்?

முன்பக்கத்தை இழுத்துக் குவிக்கிற ஜூம் டார்ச்சுகளையும் நான் ஒதுக்கிவிடுவேன். குவிக்கும்போது வெளிச்சத்தில் பெரும் பங்கு உள்ளேயே வீணாகிறது. நகர்கிற பாகம் இருப்பதால் மழைத் தண்ணீரும் சுலபமாக உள்ளே புகும்.

வெளிச்சத்தின் நிறத்துக்கு ஒரு வரி போதும். 6500 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை, 4000 முதல் 5000 என்றால் பகல் வெளிச்சத்துக்குப் பக்கம். இரண்டாவதில் செம்மண்ணும் சருகும் பாம்பின் தோலும் பிரிந்து தெரியும்.

மூன்றாம் படி: சுவிட்சைக் கையில் பிடித்துப் பாருங்கள்

ஆபத்து வருகிற நேரத்தில் கை நடுங்கும், விரல் தடுமாறும், எத்தனை தடவை அழுத்தினால் எந்த வெளிச்சம் வரும் என்பதெல்லாம் மறந்து போகும். அந்த நேரத்தில் ஒரே அழுத்தில் முழு வெளிச்சம் வந்தாக வேண்டும். டேக்டிக்கல் என்ற பேருக்குத் தகுதி வருவது இதனால்தான். மற்றதெல்லாம் அலங்காரம் என்றுகூடச் சொல்வேன்.

பின்பக்கச் சுவிட்சில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பாதி அழுத்தினாலே வெளிச்சம் வரும், விட்டால் அணையும், முழுக்க அழுத்தினால் 'கிளிக்' என்று நிலைத்து எரியும். இன்னொன்றில் முழுக்க அழுத்தி விட்ட பிறகுதான் எரியும், அதன்பின் பாதி அழுத்தினால் வெளிச்சத்தின் அளவு மாறும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கடையில் மெதுவாக அழுத்திப் பாருங்கள்: கிளிக் சத்தம் வருவதற்கு முன்பே வெளிச்சம் வந்தால் அது முதல் வகை. பாதுகாப்புக்கு அதைத்தான் வாங்க வேண்டும். ஒரு நொடி அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி இருட்டுக்குள் போகலாம். விரல் எடுத்தால் அணைந்துவிடும் என்பதால் பதற்றத்தில் தவறவிட்டாலும் உங்களைக் காட்டிக்கொடுத்துக்கொண்டு தரையில் கிடக்காது.

பக்கவாட்டில் மட்டும் சுவிட்ச் உள்ள டார்ச்சுகள் வீட்டுக்கு நல்லவை. இருட்டில் அந்தப் பொத்தானை விரலால் தடவித் தேட வேண்டும், அதுதான் தொல்லை. கைப்பையில் ஏதாவது இடித்துத் தானாக எரிந்துவிடுவதும் உண்டு. பலமான டார்ச் மூடிய பைக்குள் எரிந்தால் துணி கருகும். பின்பக்கத்தில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று இரண்டு சுவிட்ச் உள்ளவை நல்ல ஏற்பாடு. பின்னது எரிக்க, பக்கத்திலிருப்பது அளவு மாற்ற.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். டார்ச்சைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து அணைத்துவிட்டு மறுபடி எரியுங்கள். கடைசியாக வைத்த அளவிலேயே எரிந்தால், அது நினைவில் வைத்துக்கொள்கிற டார்ச். நேற்று இரவு பிள்ளைக்குப் போர்வை தேடக் குறைந்த வெளிச்சத்தில் வைத்திருப்பீர்கள். இன்று ரோட்டில் அழுத்தினால் மங்கலாகத்தான் வரும். எப்போதும் உச்சத்தில் தொடங்குகிற டார்ச், அல்லது எந்த அளவில் தொடங்க வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்கிற டார்ச் மேல். ஆனால் உச்சம் மட்டுமே உள்ள டார்ச்சும் சரிப்படாது. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வெள்ளைச் சுவரில் ஒருமுறை ஆயிரம் லூமன் அடித்தால் அந்தப் பழக்கம் அத்தனையும் போய்விடும். சும்மா நடக்க 20, 30 லூமன் தாராளம். இரண்டு அல்லது மூன்று அளவு போதும். ஏழெட்டு வைத்திருக்கிற டார்ச்சை வாங்கினால் அதன் கையேட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

நான்காம் படி: நம் ஊரில் கிடைக்கிற பேட்டரியா?

18650 என்ற எண்ணுக்கு அர்த்தம் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 21700 என்றால் 21-க்கு 70. இரண்டும் சார்ஜ் செய்கிற லித்தியம் அயன் வகை, முழுக்க ஏற்றினால் 4.2 வோல்ட். எம்ஏஎச் என்பது பேட்டரியின் கொள்ளளவு. 18650-இல் பெரும்பாலும் கிடைப்பது 3,500, 3,600 எம்ஏஎச் வரை. 21700-இல் பெரும்பாலும் 4,000 முதல் 5,000. ஒரு 18650-இன் மேல் 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் அது பச்சைப் பொய், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மளிகைக் கடைத் தராசில் வைத்துக்கூடப் பார்க்கலாம். நல்ல 18650 ஏறக்குறைய 45 கிராமுக்கு மேல் இருக்கும். போலி கையில் எடுத்தாலே லேசாகத் தெரியும்.

ஏஏ பேட்டரி போடுகிற டார்ச்சின் பெரிய பலம், தோட்டத்து மளிகைக் கடையிலும் அது கிடைக்கும் என்பது. வெளிச்சம் குறைவு, தூரம் குறைவு. அல்கலைன் பேட்டரியை உள்ளேயே மாதக்கணக்கில் விட்டால் கசிந்து டார்ச்சைத் தின்றுவிடும். வீட்டில் மின்சாரம் போனால் எடுக்க ஒன்று இருக்கட்டும். சிஆர்123ஏ என்ற குட்டி லித்தியம் பேட்டரி 3 வோல்ட், சார்ஜ் செய்ய முடியாது. ஆனால் பத்து வருடம் வரை சும்மா வைத்திருந்தாலும் சக்தி போகாது. சிறு பட்டணத்துக் கடைகளில் அதைத் தேடி அலைய வேண்டும், விலையும் கடிக்கும்.

தினமும் எடுத்துப் போகிறவருக்கு 18650 அல்லது 21700, யூஎஸ்பி-சி ஓட்டையோடு. கைப்பேசி சார்ஜரே போதும். மலிவான சில டார்ச்சுகள் இரண்டு முனையும் சி-யாக உள்ள கேபிளில் ஏறாது, ஒரு முனை பழைய அகலமான யூஎஸ்பி உள்ள கேபிளில் மட்டும் ஏறும். வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். தனி சார்ஜர் வாங்கினால் சுவரில் செருகுகிற அடாப்டரில் மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிற டார்ச்தான் நல்லது. உள்ளேயே அடைத்து வைத்த வகை, பேட்டரி ஓய்ந்ததும் குப்பைக்குத்தான். சில பேட்டரிகளில் பாதுகாப்புச் சுற்று சேர்ந்திருப்பதால் நீளம் 68, 70 மில்லிமீட்டர் வரும், எல்லா டார்ச்சிலும் பொருந்தாது. பழைய டார்ச்சைக் கடைக்கு எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இந்தப் பேட்டரிகளோடு விளையாடக் கூடாது. சாவி, சில்லறை கிடக்கிற பாக்கெட்டில் தனிப் பேட்டரியைப் போட்டால் இரண்டு முனையும் உலோகத்தால் இணைந்து கொதித்துவிடும். சிறு பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய மோட்டாரின் சீட்டுக்கு அடியிலும் விடாதீர்கள். மேலுறை கிழிந்த பேட்டரி, உப்பிய பேட்டரி இரண்டையும் அன்றோடு விட்டுவிட வேண்டும்.

ஐந்தாம் படி: உடம்பும் சட்டமும்

மழை நம் ஊரில் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஐபிஎக்ஸ்8 என்றால் அதற்கும் மேல், எவ்வளவு என்பதை நிறுவனமே சொல்லும். 7 அல்லது 8 வாங்குங்கள், கால்வாயில் விழுந்தால் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். விழுந்தால் தாங்குகிற உயரத்தையும் மீட்டரில் போட்டிருப்பார்கள், ஒரு மீட்டராவது வேண்டும். சட்டைப்பையிலும் கைப்பை ஓரத்திலும் மாட்ட நல்ல கிளிப் அவசியம். பையின் அடியில் கிடக்கிற டார்ச் இல்லாத டார்ச்சுக்குச் சமம்.

முகப்பைச் சுற்றிக் கூர்கூராகப் பல் வைத்த டார்ச்சுகளை 'அடிக்கவும் உதவும்' என்று விற்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. சட்டைப்பையைக் கிழிக்கும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம், 1958-ஆம் ஆண்டின் அரிக்கும் மற்றும் வெடிக்கும் பொருள்கள், தாக்கும் ஆயுதங்கள் சட்டம். காரணமில்லாமல் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பது அதன்படி குற்றம். சாதாரண டார்ச்சை யாரும் ஆயுதம் என்று சொல்ல மாட்டார்கள். அதை ஆயுதம் மாதிரி செய்து வைத்துக்கொண்டு, சாலைத் தடுப்பில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பானேன்? மின் அதிர்ச்சி கொடுக்கிற டார்ச்சுகள் பக்கமே போக வேண்டாம். தற்காப்பு உரிமையைத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தருகின்றன. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்பதும் அவற்றில்தான் இருக்கிறது.

ஸ்ட்ரோப் பற்றி

வெட்டி வெட்டி அடிக்கிற ஸ்ட்ரோப் வெளிச்சத்தை விளம்பரங்கள் மந்திரம் போலக் காட்டுகின்றன. எதிரிலிருப்பவனுக்குத் தொந்தரவுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பார்வையும் வெட்டி வெட்டித்தான் தெரியும். அவன் கையில் என்ன இருக்கிறது, பக்கத்தில் இன்னொருவன் வருகிறானா என்று பார்க்க நிலையான வெளிச்சம்தான் உதவும். சிலருக்கு இந்த வெளிச்சம் வலிப்பை வரவழைக்கும். எதிரில் வருகிற மோட்டார் ஓட்டி மேல் அடித்தால் அவர் கால்வாயில்தான் போய் விழுவார். அதனால் ஒப்பிடும்போது ஸ்ட்ரோப் இருக்கிறதா என்பதற்கு நான் மதிப்பெண்ணே போடுவதில்லை. இருந்தால், தவறுதலாக அழுத்துப்படாத இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தூரத்தில் இருக்கிற ஆளைக் கூப்பிட, மோட்டார் பழுதாகி ரோட்டோரம் நிற்கும்போது லோரிக்காரருக்கு அடையாளம் காட்ட, அது உதவும்.

ஆறாம் படி: செம்பனை நிரையில் சோதனை

கடை வெளிச்சத்தில் எல்லா டார்ச்சும் நன்றாகத்தான் எரியும். வாங்கிய அன்றே, மாற்றிக்கொடுக்கிற கெடு முடிவதற்குள், இருட்டில் சோதியுங்கள். இதற்கு அளவு நாடா தேவையில்லை. செம்பனையைப் பெரும்பாலும் முக்கோண முறையில் ஒன்பது மீட்டர் இடைவெளியில்தான் நடுகிறார்கள். நிரையோடு நின்று பத்து இடைவெளி எண்ணினால் ஏறக்குறைய 90 மீட்டர். வீட்டு ஆளை ஐந்தாவது மரத்தருகில் நிற்கச் சொல்லுங்கள். முகம் தெரிகிறதா? கையில் என்ன வைத்திருக்கிறார் என்று தெரிகிறதா? பத்தாவது மரத்துக்குப் போகச் சொல்லி மறுபடி பாருங்கள். டார்ச்சை அசைக்காமல் உங்கள் காலடிக்குப் பக்க வெளிச்சம் விழுகிறதா என்பதையும் கவனியுங்கள். முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் எரியவிட்டால் எவ்வளவு சுடுகிறது, எவ்வளவு மங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். இதைத் தனியாகப் போய்ச் செய்ய வேண்டாம். காவலாளிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இரவில் தோட்டத்துக்குள் டார்ச் அடித்தால் குலை திருடுகிறவன் என்று நினைத்துவிடுவார்.

ஏழாம் படி: பிடிக்கிற விதம், அடிக்கிற விதம்

கட்டைவிரல் பின்பக்கச் சுவிட்சின் மேல், முகப்பு சுண்டுவிரல் பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். அப்படியே கையைத் தோளுக்குத் தூக்கினால் வெளிச்சம் பார்க்கிற திசையில் போகும். வழக்கமாக எழுதுகிற கையைக் காலியாக விட்டு, மற்றக் கையில் டார்ச் பிடித்துப் பழகுங்கள்.

ஆள் விஷயத்தில் முறை இதுதான். தூரத்திலேயே பாருங்கள், கிட்ட வரவிடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் முகத்தில் ஒரு கணம் முழு வெளிச்சம் அடித்து, சத்தமாக 'யார் அங்கே?' என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் டார்ச்சை அணைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டில் விலகி, வெளிச்சமும் ஆளும் இருக்கிற பக்கம் நடையைக் கட்டுங்கள். அவன் கண்ணில் இன்னும் கொஞ்ச நேரம் பூச்சி பறந்துகொண்டிருக்கும். கிடைக்கிற அந்தச் சில நொடி போவதற்குத்தான், நின்று வாக்குவாதம் செய்வதற்கு இல்லை. சங்கிலியோ பையோ பிடுங்கினால் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டு மாமா என்று தெரிந்தால் உடனே வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் கோயிலில் பேச்சு வாங்க நேரிடும்.

மிருகங்களுக்கு வேறு கணக்கு. நாய், பூனை, மரநாய் போன்றவற்றின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருக்கிறது. டார்ச்சைக் கன்னத்தருகே, கண் மட்டத்தில் பிடித்தால் அந்தக் கண்கள் தூரத்திலேயே மின்னும். இடுப்பளவில் பிடித்தால் அந்த மின்னல் உங்கள் கண்ணுக்கு வந்து சேராது. ஆனால் பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது, பாம்புக்கும் கிடையாது. எதுவும் மின்னவில்லை என்பதால் வழி காலி என்று அர்த்தமில்லை. பாம்பைத் தேட டார்ச்சைத் தாழ்த்தி, தரையோடு சாய்வாக அடியுங்கள். சருகுக்கும் உடம்புக்கும் நிழல் வேறு வேறாக விழும். செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம் என்பதால் நாகமும் உண்டு. எலியைப் பிடிக்கத்தான் பல தோட்டங்களில் ஆந்தைக்குக் கூண்டு வைக்கிறார்கள். இங்குள்ள நாகத்தில் கண்ணை நோக்கி விஷத்தைப் பீய்ச்சுகிற இனம் இருக்கிறது. நன்றாகப் பார்க்கிறேன் என்று குனிந்து கிட்டப் போகாதீர்கள். தெருநாய்க் கூட்டத்தை டார்ச் விரட்டும் என்றும் நம்ப வேண்டாம். ஓடாமல், முதுகு காட்டாமல், மெல்லப் பின்வாங்குங்கள். காட்டோரத் தோட்டங்களில் யானை நடமாட்டம் உண்டென்றால், அதன் மேல் வெளிச்சம் அடிக்காமல் வந்த வழியே திரும்புவதுதான் வேலை.

எவருக்கு எது

இரவு ஷிப்ட் போகிற தங்கச்சிக்கு: 18650 பேட்டரி, பாதி அழுத்தினால் எரிகிற பின்பக்கச் சுவிட்ச், 500 முதல் 1000 லூமன், 10,000 கேண்டலா சுமார், கிளிப். சோஃபர்ன், கான்வாய் போன்ற சீன நிறுவனங்களின் சில டார்ச்சுகள் நூறு ரிங்கிட்டுக்கு முன்பின்னாக இந்தக் கணக்குக்குள் வரும். ஃபீனிக்ஸ், நைட்கோர், ஸ்ட்ரீம்லைட் எல்லாம் அதற்கு மேல். கூடுதல் பணத்துக்கு உறுதியும் வாரண்டியும் கிடைக்கும், வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரே நிறுவனத்திலும் மாடலுக்கு மாடல் சுவிட்ச் மாறும் என்பதால் பேரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

மோட்டாரில் போகிறவருக்கு 21700, கேண்டலா கொஞ்சம் கூடுதலாக. பால்மரம் வெட்டுகிற அண்ணனுக்கு நல்ல தலைவிளக்கில் பணத்தைப் போட்டு, இடுப்புக்குச் சின்ன டார்ச் ஒன்று. வயதான பாட்டி, தாத்தாவுக்கு டேக்டிக்கல் எதுவும் வேண்டாம். ஒரே சுவிட்ச், ஒரே வெளிச்சம், ஏஏ பேட்டரி. பள்ளிப் பிள்ளைகளுக்கும் பலமான டார்ச் கொடுக்க வேண்டாம், ஒருவர் கண்ணில் ஒருவர் அடித்து விளையாடுவார்கள்.

வாங்கிய பிறகு வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டு சார்ஜ் போடுங்கள். பைக்குள் வைக்கும்போது பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டால் பல டார்ச்சுகள் தானாக எரியாது. ஆனால் ரோட்டில் இறங்குவதற்கு முன் இறுக்கி, ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட வேண்டும். ஈரக்காற்றில் பேட்டரி தொடுகிற இடங்கள் கறுக்கும், மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். மூடியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிகான் கிரீஸ் ஒரு துளி போதும். மோட்டாருக்குப் போடுகிற கிரீஸைத் தடவினால் சில வகை ரப்பர் ஊதிப்போய் மூடியே திறக்க வராமல் போகலாம்.